ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகையில் பி அண்ட் பி: அம்மாவை அழைத்துப் போகலாமா?

அடையாறு_ஆலமரம் எழுதியது:

வணக்கம். மே மாத நடுவில் லண்டன் வருகிறோம். கணவரின் அலுவலக வேலை முடிந்ததும் மூன்று இரவு காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்புறத்தில் தங்கலாம் என்று திட்டம். அம்மாவும் வருகிறார், வயது 68. தோட்டம் என்றால் அவருக்கு உயிர். அதனாலேயே ஹோட்டலை விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் குடியிருக்கும் ஒரு பழைய மாளிகையைப் பார்த்து வைத்திருக்கிறேன். மோர்டன்-இன்-மார்ஷ் ரயில் நிலையத்திலிருந்து நான்கு மைல். மூன்று அறைகளை மட்டும் விருந்தினருக்கு விடுகிறார்கள், காலைச் சாப்பாடு உட்பட (இதைத்தான் பி அண்ட் பி என்கிறார்கள்). தேன் நிறக் கல்சுவரில் விஸ்டீரியா பூக்கொடி படர்ந்திருக்கும் படத்தைக் காட்டியதிலிருந்து அம்மா அந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

கவலைகள் இவை. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி உண்டு. காலை 5 மணிக்கு எழுந்து குளித்து விளக்கேற்றுவது பல வருடப் பழக்கம். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்வது? அங்கே தங்கியவர்கள் சொல்லுங்கள்.

ஹாரோ_அக்கா எழுதியது:

தாராளமாகப் போகலாம். ஆனால் ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அது அவர்கள் வாழும் வீடு, நீங்கள் காசு கொடுத்துப் போகும் விருந்தாளி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பெரும்பாலும் மாலை 4 முதல் 6 மணிக்குள் வரச் சொல்வார்கள். வரவேற்பு மேசை, இரவுக் காவலாளி எதுவும் கிடையாது. வீட்டுக்காரரே கதவைத் திறப்பார், தாமதமானால் அவர்தான் காத்திருப்பார். ரயில் தாமதம் என்றால் உடனே போன் செய்துவிடுங்கள். வந்ததும் டீயும் கேக்கும் கொடுத்து, ஹாலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவார்கள். அப்போதே காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். வழக்கமாக 8 அல்லது 8.30க்கு ஆரம்பம். அம்மா 5 மணிக்கு எழுந்தால் அதுவரை என்ன செய்வார் என்ற கவலை வேண்டாம். ஏறக்குறைய எல்லா அறையிலும் கெட்டில், டீ, காபி, பிஸ்கட் இருக்கும். பாலுக்கு மட்டும் சிலர் சின்னச் சின்ன டப்பாவில் நீண்ட நாள் கெடாத பால் வைப்பார்கள். முதல் நாளே கேட்டால் நல்ல பால் ஒரு ஜாடியில் தருவார்கள்.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது குளியலறை. "என்-சூட்" என்றால் அறைக்குள்ளேயே. "பிரைவேட் பாத்ரூம்" என்று போட்டிருந்தால் உங்களுக்கு மட்டும்தான், ஆனால் நடைக்கு எதிர்ப்புறம் இருக்கலாம். பழைய மாளிகைகளில் இரண்டாவது வகை நிறைய. அதைவிட முக்கியம், அது தொட்டிக் குளியலா, நின்று குளிக்கும் ஷவரா என்பது. முழங்கால் வலியோடு உயரமான தொட்டிக்குள் கால் தூக்கி இறங்குவது அம்மாவுக்கு ஆபத்து. லிஃப்ட் இருக்காது. முன்பக்கப் படிக்கட்டு அகலமாக, ஏறச் சுலபமாக இருக்கும். விருந்தினர் அறை பின்பக்கப் படிக்கட்டு வழியாக என்றால் அது செங்குத்து. சில வீடுகளில் பழைய குதிரை லாயத்தை அறையாக மாற்றியிருப்பார்கள், படியே இருக்காது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கிழக்குலண்டன் எழுதியது:

நான் மறுத்துச் சொல்லப்போகிறேன், குறை நினைக்க வேண்டாம். எங்கள் அம்மாவையும் இப்படி ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வீடு வடிவானது, ஆட்களும் நல்லவர்கள். ஆனால் அம்மா இரண்டு நாளும் அடக்கி ஒடுக்கி இருந்தார். நடந்தால் பலகை சத்தம் போடுகிறது, தண்ணீர் திறந்தால் குழாய் சத்தம் போடுகிறது என்று நித்திரையும் இல்லை. சாப்பாட்டுக்கு நாலு மைல் காரில் போக வேண்டும். அங்கே சைவத்துக்கு ஒரே ஒரு கறிதான்.

அதே காசுக்கு ஒரு சிறிய காட்டேஜ் எடுக்கலாம். சமையலறை உங்களுக்கு. அம்மா தன் பாட்டுக்கு எழும்பி, குளித்து, ஒரு சோறும் பருப்பும் வைத்துச் சாப்பிடுவார். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. கோடையில் வாரக் கணக்கில்தான் தருவார்கள், ஆனால் மே நடுப்பகுதியில் மூன்று இரவுக்கும் கிடைக்கும். வயது போனவர்களுக்கு இதுதான் நிம்மதி.

ஹாரோ_அக்கா எழுதியது:

கிழக்குலண்டன் சொல்வதில் நியாயம் உண்டு. சமைத்தால்தான் நிம்மதி என்கிற அம்மாவுக்குக் காட்டேஜ்தான் சரி. ஆனால் விடுமுறையிலும் அம்மாவை அடுப்படியில் நிறுத்த வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

சாப்பாட்டை விவரமாகச் சொல்கிறேன். காலையில் பிரதானம் "ஃபுல் இங்கிலிஷ்": பேக்கன், பன்றி இறைச்சி சாசேஜ், முட்டை, பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங், கூடவே தக்காளி, காளான், பேக்ட் பீன்ஸ், டோஸ்ட். சைவம் என்றால் கடைசி நான்கும் மிஞ்சும். காய்கறி சாசேஜ் வைப்பார்கள், ஆனால் அதைக் கட்டுவதற்குச் சில பிராண்டுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள், பொட்டலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமான விஷயம், தக்காளியும் காளானும் பேக்கன் பொரித்த அதே சட்டியில் வதக்கப்படலாம். "சைவம்" என்று மட்டும் எழுதினால் இது அவர்களுக்குத் தோன்றாது. "முட்டை வேண்டாம், இறைச்சி படாத தனிச் சட்டியில் எண்ணெய் அல்லது வெண்ணெயில் செய்து தர முடியுமா" என்று வெளிப்படையாக எழுதுங்கள். தவறாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். முன்கூட்டித் தெரியாமல் காலையில் மேசையில் சொன்னால்தான் திண்டாடுவார்கள்.

மற்றபடி ஓட்ஸ் கஞ்சி, பழம், பீன்ஸ் டோஸ்ட், வீட்டிலேயே செய்த மார்மலேட். பான்கேக்கில் முட்டை உண்டு. சில தயிர்களில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. காளான் மேல் வூஸ்டர் சாஸ் தெளிப்பவர்கள் உண்டு, அதில் நெத்திலி வகை மீன் சேர்கிறது. அதே மேசையில் இருக்கும் எச்பி பிரவுன் சாஸில் மீன் கிடையாது, புளியும் பேரீச்சம்பழமும் சேர்த்தது. பீன்ஸ் டோஸ்ட் மேல் அதை விட்டுச் சாப்பிட்டால் அம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் உயிர் பெறும்.

இரவுக்குப் புளிக்காய்ச்சலும் பொடியும் கொண்டுவந்தாலும், சோறு வடிக்க வழி கிடையாது. அறைக் கெட்டிலில் நூடுல்ஸ், ரவை எதையும் போடாதீர்கள், அடுத்து வருபவர் அதில்தான் டீ போடுவார்.

பழங்கட்டடம் எழுதியது:

நான் இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறையில் இருக்கிறேன். வீட்டின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட மாளிகை ஏறத்தாழ நிச்சயமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும். கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2 என்று மூன்று தரம், பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பான்மை கிரேடு 2. பட்டியலில் ஏறிவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. அதனால்தான் மெல்லிய ஒற்றைக் கண்ணாடியும் மேலே தூக்கித் திறக்கும் ஜன்னலும் இன்னும் இருக்கின்றன. கிராமங்கள் பலவற்றில் எரிவாயுக் குழாய் கிடையாது. எண்ணெய்த் தொட்டி வைத்துத்தான் வெந்நீரும் சூடும். விலை அதிகம் என்பதால் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரம் மட்டும் கொதிகலன் ஓடும்படி வைத்திருப்பார்கள். 5 மணிக்குக் குளிக்க வேண்டும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், நேரத்தை மாற்றி வைப்பது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

மே மாதப் பகல் 16, 17 டிகிரி இருக்கும், இரவில் 7, 8க்கு இறங்கும். அறைக்குள் போட ஒரு கம்பளிச் சட்டையும் காலுறையும் அம்மாவுக்கு வேண்டும். வெந்நீரும் தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வரலாம், ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுவந்தால் சிரமமில்லை. தரையில் வடிகால் இருக்காது, தொட்டிக்கு வெளியே தண்ணீர் ஊற்றிக் குளித்தால் கீழ் அறைக் கூரையில் இறங்கும். குளியலறைக்குள் விளக்குச் சுவிட்ச் பெரும்பாலும் சுவரில் இருக்காது, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். கழிவு செப்டிக் டேங்குக்குப் போகும் வீடுகளில் ஈரத் துடைப்பான் எதையும் கழிப்பறையில் போடக் கூடாது. இதைச் சொல்ல வீட்டுக்காரர்கள் கூச்சப்படுவார்கள், நாமே தெரிந்து நடந்துகொள்வது நல்லது.

விளக்கு விஷயம். அறைக்குள் எண்ணெய் விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம். பழைய வீட்டின் தரையும் கூரைச் சட்டமும் உலர்ந்த மரம். திரைச்சீலை தடிப்பான துணி. புகை உணரி அலறினால் வீடே எழுந்து வெளியே நிற்கும். ஒரு சின்ன பேட்டரி விளக்கு போதும். அம்மா ஒப்புக்கொள்ளாவிட்டால், தோட்டத்தில் கல்பாவிய இடத்தில் அகல் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்பவர்கள் குறைவு.

படிக்கட்டுச் சத்தம் பற்றிக் கிழக்குலண்டன் எழுதியிருந்தார். அந்த மரம் சத்தம் போடத்தான் செய்யும். அங்கேயே வாழ்பவர்கள் காதில் அது விழுவதில்லை. அம்மாவுக்கு இதை முதல் நாளே வீட்டுக்காரர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

வெந்நீர் நேரம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய வீடும் நிலமும் உள்ளவர்கள் எதற்காக முன்பின் தெரியாதவர்களுக்கு அறை விட்டு, காலையில் எழுந்து சமைத்துப் போடுகிறார்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பராமரிப்புச் செலவுதான். கூரைக்கு ஓடு மாற்றுவது என்றாலே, அந்த ஊர்க் கல்லில், அதற்கென்று உள்ள கைவினைஞரை வைத்துச் செய்ய வேண்டும். வாரிசு வரியும் இந்தக் குடும்பங்களைத் தலைமுறைக்கு ஒருமுறை நெருக்கியது. இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தே விட்டார்கள். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த அழிவைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடந்தது.

சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. தான் குடியிருக்கும் வீட்டில் அறை விட்டால் வருடத்துக்கு 7,500 பவுண்டு வரை வரும் வருமானத்துக்கு வரி இல்லை, பி அண்ட் பிக்கும் இது பொருந்தும். சொந்த வீட்டில் ஒரே நேரத்தில் 6 பேருக்கு மேல் தங்க வைக்காதவரை வணிகச் சொத்து வரி கிடையாது, சாதாரண வீட்டு வரிதான். நீங்கள் பார்த்த வீட்டில் மூன்றே அறை இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இருவருக்கு ஓர் இரவு 120 முதல் 180 பவுண்டு வரை கேட்பதைப் பார்த்திருக்கிறேன். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தில் நாலு வரி எழுதிவிட்டு வாருங்கள்.

வரலாற்று_வாசகி எழுதியது:

அந்தப் பக்கம் போகிறவர்கள் சீசின்கோட்டைப் பார்க்காமல் வரக் கூடாது. மோர்டன்-இன்-மார்ஷிலிருந்து இரண்டு மைலுக்குள் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல் என்பவருக்காக, அவருடைய அண்ணன் சாமுவேல் பீப்ஸ் காக்கரெல் 1805 வாக்கில் வடிவமைத்த வீடு. பச்சை ஏறிய செம்புக் குவிமாடம், முகலாயப் பாணி வளைவுகள், தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள், சூரியனுக்கு ஒரு சிறு கோயில், எல்லாம் ஆங்கிலேயப் புல்வெளி நடுவே. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் தாமஸ் டேனியல். சகோதரரின் மகன் வில்லியமோடு இந்தியா முழுதும் சுற்றி, மதுரையையும் தஞ்சாவூரையும் ராமேசுவரத்தையும் வரைந்த ஓவியர் அவர். அம்மா அந்த நந்தியைப் பார்த்தால் நிச்சயம் நின்றுவிடுவார். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டடக் கலைஞர் அருகிலேயே டெய்ல்ஸ்ஃபோர்டில் கட்டிய இன்னொரு வீடு வாரன் ஹேஸ்டிங்ஸுடையது. வங்காள ஆளுநராகும் முன் மதராஸ் கவுன்சிலில் இருந்தவர். பரம்பரை நிலத்தை 1788இல் திரும்ப வாங்கி வீடு கட்டினார். அதே வருடம்தான் நாடாளுமன்றத்தில் அவர்மீது விசாரணை தொடங்கி, 1795 வரை இழுத்து, விடுதலையில் முடிந்தது. வீடு தனியார் சொத்து, உள்ளே போக முடியாது. அவருடைய கல்லறை கிராமத்துத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

கிழக்குலண்டன் எழுதியது:

இதைப் படித்ததும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊர்களில் இருந்து வந்த காசில் எழும்பிய வீடுகளில், நாங்கள் திரும்பவும் காசு கொடுத்து, "எவ்வளவு வடிவு" என்று சொல்லிக்கொண்டு தங்க வேண்டுமா? எனக்கு அது உறுத்துகிறது.

வரலாற்று_வாசகி எழுதியது:

உறுத்த வேண்டிய விஷயம்தான். பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2020இல் தன் பொறுப்பில் உள்ள இடங்களை ஆராய்ந்து, அவற்றில் 93க்குக் காலனி ஆட்சியோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அதற்கு இங்கே கடும் எதிர்ப்பும் கிளம்பியது. அந்தக் கணக்கு பேசப்பட வேண்டும் என்பதால்தான் நான் போகச் சொல்கிறேன். நாம் போய்ச் சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி "இவர் எங்கே வேலை பார்த்தார்" என்று கேட்டால், வீட்டுக்காரர்கள் பலர் மறைக்காமல் சொல்கிறார்கள். சிலர் பழைய கடிதங்களைக்கூட எடுத்துக் காட்டியதுண்டு. சுற்றுலாப் பலகையில் கிடைக்காத பேச்சு அது. ஹோட்டலில் யாரிடம் போய்க் கேட்பது?

பழங்கட்டடம் எழுதியது:

எல்லா மாளிகையும் இந்தியக் காசு அல்ல என்பதையும் சேர்க்கிறேன். காட்ஸ்வோல்ட்ஸ் எழுந்தது முதலில் ஆட்டு ரோமத்தில். கம்பெனி பிறப்பதற்கு முன்பே, இடைக்காலத்திலேயே கம்பளி வணிகர்கள் சிப்பிங் கேம்டனிலும் நார்த்லீச்சிலும் பெரிய தேவாலயங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். பைபரியில் எல்லோரும் படம் எடுக்கும் ஆர்லிங்டன் ரோ வீடுகள் 14ஆம் நூற்றாண்டு கம்பளிக் கிடங்கு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறின. ஒவ்வொரு வீட்டின் கதையையும் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

கிழக்குலண்டன் எழுதியது:

சரி, கேட்பதற்காகப் போவது என்றால் எனக்கும் உடன்பாடு. அம்மாவின் நித்திரை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

நடைப்பிரியன் எழுதியது:

தோட்டம் பிடிக்கும் அம்மா என்றால் சிப்பிங் கேம்டன் பக்கத்தில் ஹிட்கோட், கிஃப்ட்ஸ்கேட் என்ற இரண்டு தோட்டங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஹிட்கோட்டை லாரன்ஸ் ஜான்ஸ்டன் 1907 முதல் உருவாக்கினார். வேலியே சுவராக, அறை அறையாகப் பிரித்த தோட்டம், 1948இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. கிஃப்ட்ஸ்கேட்டை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்திருக்கிறார்கள். அங்குள்ள பிரம்மாண்டமான ரோஜாக்கொடி ஜூலையில்தான் பூக்கும், மே நடுவில் ரோஜாவை எதிர்பார்த்து வர வேண்டாம். விஸ்டீரியா, அல்லியம் (வெங்காய இனப் பூச்செடி), கடைசி டூலிப் கிடைக்கும். கிஃப்ட்ஸ்கேட்டின் கீழ்த் தோட்டம் செங்குத்துச் சரிவு, அம்மாவை மேல் பகுதியோடு நிறுத்திவிடுங்கள். 1927 முதல் தனியார் வீட்டுத் தோட்டங்களை நன்கொடைக்காகத் திறந்துவிடும் நேஷனல் கார்டன் ஸ்கீம் ஒன்றும் உண்டு. நீங்கள் தங்கும் நாட்களில் பக்கத்துக் கிராமத்தில் எது திறக்கிறது என்று பாருங்கள். சொந்தக்காரரே நின்று செடியின் பெயர் சொல்வார், சில இடங்களில் வெட்டி நட்ட கன்றும் விற்பார்கள். ஆனால் கன்றை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட வேண்டாம், உரிய அனுமதி இல்லாமல் சென்னையில் இறக்க முடியாது.

போக்குவரத்துதான் உங்கள் திட்டத்தில் ஓட்டை. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து மோர்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதற்கப்புறம் அந்த நான்கு மைல்? நிலையத்தில் டாக்ஸி வரிசை நிற்கும் என்று நினைக்காதீர்கள், முன்பதிவு செய்ய வேண்டும். பேருந்து பெரிய கிராமங்களுக்கு உண்டு, ஞாயிற்றுக்கிழமை மிகவும் குறைவு. கார் எடுப்பதே நல்லது. இந்திய உரிமத்தை வைத்துச் சுற்றுலாவாக வருபவர் 12 மாதம் வரை ஓட்டலாம், சாலையில் இடப்பக்கம் என்பதால் பழகவும் சுலபம். ஆனால் ஒற்றைத் தடச் சாலைகள் இருபுறமும் உயர்ந்த வேலியோடு வளைந்து வளைந்து போகும். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை 60 மைல் வேகத்தை அனுமதிக்கிறது என்பதற்காக அந்த வேகத்தில் போகக் கூடாது. எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுத்து, ஒதுங்கும் இடத்தில் நிற்க வேண்டும். வழி விட்டவருக்குக் கை தூக்கி நன்றி சொல்வது அங்கே கட்டாய மரியாதை.

சீசின்கோட் நிலத்தின் ஊடாகவே ஒரு பொது நடைபாதை போகிறது, போர்டன்-ஆன்-த-ஹில்லிலிருந்து லாங்பரோ வரை. மாளிகை மூடியிருந்தாலும் அந்தப் பாதையிலிருந்து குவிமாடத்தைப் பார்க்கலாம். மஞ்சள் அம்புக்குறி நடந்து போகிறவர்களுக்கு மட்டுமான பாதை, நீல அம்புக்குறியில் குதிரையும் சைக்கிளும் போகலாம். திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியும் விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகில் போகாமல் சுற்றிப் போங்கள். நம் ஊர்ப் பசுவைப் போல அம்மா தடவிக் கொடுக்கப் போய்விடப் போகிறார்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். சமையலறை வேண்டாம், அந்த விஸ்டீரியா வீடுதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பேட்டரி விளக்குக்கும் சம்மதம். நந்தியைப் பார்க்கும் நாளில் பூ எங்கே வாங்குவது என்று கேட்கிறார்!

வீட்டுக்காரருக்கு இன்று எழுதினேன்: படி இல்லாத அறை, நின்று குளிக்கும் ஷவர், 5 மணிக்கு வெந்நீர், முட்டை இல்லாமல் தனிச் சட்டி. இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. லாயத்து அறை ஒன்று இருக்கிறதாம், ஷவரும் உண்டாம். அது எங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். இன்னொரு அறை மாடியில். சட்டி பற்றி, "புதிதாகவே ஒன்று வாங்கி வைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகள். வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

ஹாரோ_அக்கா எழுதியது:

அம்மாவைத் தனியாக லாயத்தில் விடாதீர்கள், நீங்கள் அவரோடு இருங்கள், கணவர் மாடிக்குப் போகட்டும். ரத்துசெய்தால் முன்பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். கிராமத்துப் பப்களில் ஞாயிறு மதியம் பெரிய விருந்து, மாலையில் பல இடங்களில் சமையலறை மூடிவிடும். மற்ற நாட்களிலும் 9 மணிக்குள் ஆர்டர் எடுப்பதை நிறுத்துவார்கள், வெள்ளி, சனிக்கு இப்போதே மேசை பதிவு செய்யுங்கள். ஞாயிறுக்கு வீட்டுக்காரரிடமே கேளுங்கள், ஒரு சூப்பும் ரொட்டியும் செய்து தர முடியுமா என்று. சூப்புக்குக் கோழி ஸ்டாக் (கோழி வேகவைத்த சாறு) போடாமல், காய்கறி ஸ்டாக் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

அடையாறு_ஆலமரம் எழுதியது:

எழுதிவிட்டேன் அக்கா. லீக்கும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், காய்கறி ஸ்டாக்கில், ஏழு மணிக்கு.